ஒற்றைக் குண்டூசிக்கும் ஒரு டப்பா

தனியாகக் கிடக்கும் எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் எங்கள் தொழிற்சாலையில்தான் வேலை பார்த்தார்.

ஒற்றைக் குண்டூசி, ஒற்றைப் பொத்தான், ஒற்றைக் கொய்யா, மழைக்கு ஜன்னலோரம் ஒதுங்கிய ஒற்றைத் தும்பி. எது தனியாகக் கண்ணில் பட்டாலும் அவருக்குக் கை துறுதுறுக்கும். பைக்குள்ளிருந்து ஒரு டப்பா வெளியே வரும். எடுப்பார், உள்ளே வைப்பார், மூடுவார். ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர் எழுதிக் கோந்து தடவி மேலே ஒட்டுவார். தும்பியை மட்டும் பறக்க விட்டுவிட்டார். அதுவும் மூடியில் மூன்று ஓட்டை போட்டு, கொஞ்ச நேரம் யோசித்த பிறகுதான்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி அழைத்தவர் யாருமில்லை. பொது மேலாளரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவர் டப்பா சார்.

செகந்திராபாதிலிருந்து நாச்சாரம் தாண்டி, குஷாய்குடா போகிற வழியில், மின்சார மீட்டர்கள் செய்கிற அரசுத் தொழிற்சாலை எங்களுடையது. டப்பா சார் பணியாளர் பிரிவில் தலைமை எழுத்தர். நான் கணினிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவள். எண்பதுகளின் நடுப்பகுதி அது. கணினி இருக்கும் அறைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவோம். அதனால் எங்களுக்குக் கொஞ்சம் அர்ச்சகர்களின் மிதப்பும் இருந்தது. மற்றவர்கள் கேண்டீனில் வரிசையில் நிற்பார்கள். கணினிப் பிரிவுக்காரர்கள் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்த் தட்டை நீட்டுவோம். யாரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

முதல் சந்திப்பு பஸ் ஸ்டாப்பில். செகந்திராபாத் கிளாக் டவர் பக்கம் காலை ஏழு மணிக்குத் தொழிற்சாலை பஸ் வரும். நான் வேப்பமர நிழலில் நின்றிருந்தேன். அவர் கம்பத்தடியில், உச்சந்தலையில் வெயில் விழ, தபால் பெட்டி மாதிரி நேராக நின்றிருந்தார்.

"சார், இப்படி நிழலுக்கு வாங்களேன்."

"கியூவ விட்டுட்டு எப்படிம்மா வர்றது?"

சுற்றிலும் பார்த்தேன். அவரையும் என்னையும் விட்டால் ஓர் எருமை. "கியூ எங்க சார் இருக்கு?"

"நாந்தான் கியூ."

"ஒருத்தர் எப்படி சார் கியூ ஆவார்?"

"ஒருத்தர் நின்னாலும் கியூதான். நீ பின்னால வந்து நின்னா ரெண்டு பேரு கியூ. நக்கோ, வேணாம்னு சொன்னா ஒரு ஆளு கியூ. பஸ்ஸு வந்தா யாரு மொதல்ல ஏறுவா?"

"நீங்க."

"எப்படித் தெரிஞ்சுது? கியூ இருக்கு, அதனால."

பஸ் வந்தது. எருமை வழிவிட்டது. கியூ ஏறியது. நான் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, இதை யாரிடம் சொல்லிச் சிரிக்கலாம் என்று தொழிற்சாலை வரை யோசித்துக்கொண்டே போனேன். பிறகு வருஷக்கணக்கில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

அவருடைய மேஜை ஒரு தகர நகரம். உஸ்மானியா பிஸ்கட் டப்பா, பவுடர் டப்பா, இருமல் மிட்டாய் டப்பா, மூடியில் மயில் ஆடும் ஏதோ ஒரு சீமை டப்பா. 'குண்டூசி' என்று எழுதிய டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு குண்டூசி படுத்திருக்கும். ராஜா தனியாகப் படுத்திருக்கிற அரண்மனை மாதிரி.

மதியச் சாப்பாட்டுக்கு நாலடுக்கு டிபன் கேரியர். கீழ் அடுக்கில் சோறு. மேலே மூன்றும் காலி. கேண்டீனில் பரிமாறும் யாதகிரிக்கு இது தீராத விடுகதை.

"கைக்கு சாப், ரோஜ் தீன் டப்பே காலி லாத்தே?" என்பார் யாதகிரி. எதற்காகத் தினமும் மூன்று டப்பாக்களைக் காலியாகக் கொண்டு வருகிறீர்கள் என்று கேள்வி.

"காலி ஹை. லேகின் டப்பா தோ ஹை நா?" என்பார் இவர். காலிதான், ஆனால் டப்பா இருக்கிறதல்லவா? பிறகு என் பக்கம் திரும்பி, "காலி டப்பா வேற, டப்பாவே இல்லாதது வேறம்மா" என்று தமிழில் ஒருமுறை.

விடுகதைக்கு விடை தெரியாவிட்டாலும் யாதகிரிக்குக் கை சும்மா இருக்காது. ஒருநாள் ஒரு போண்டா, ஒருநாள் ஒரு கரண்டி பருப்பு, ஒருநாள் வெறும் ஊறுகாய் என்று ஏதாவது ஒன்றை அந்தக் காலி அடுக்கில் போட்டுவிடுவார். டப்பா சார் வெற்றிப் பார்வை பார்ப்பார். "கொண்டு வந்தாத்தானே போடுவாங்க?"

ரோஜாச் செடி வளர்ப்போர் சங்கம் என்று ஒன்று தொழிற்சாலையில் இருந்தது. பதினோரு உறுப்பினர்களோடு தொடங்கியது. மாற்றல், ஓய்வு, மனைவி செடியைப் பிடுங்கி எறிந்தது என்று பல காரணங்களால் கரைந்து, கடைசியில் செயலாளரான டப்பா சார் மட்டும் மிஞ்சினார். சங்கம் கலையவில்லை. மாதக் கடைசி சனிக்கிழமை, கேண்டீன் மூலையில், கூட்டம் நடக்கும். குறிப்பேட்டில் எழுதுவார்: 'உறுப்பினர்கள் அனைவரும் வந்திருந்தனர்.' செடிகளுக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு ஒரு தீர்மானம் முன்மொழிந்திருந்தார். தானே முன்மொழிந்ததைத் தானே வழிமொழியக் கூடாதாம். ஆகவே தீர்மானம் நாலு வருஷமாக அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டு வந்தது. "நான் வேணா வழிமொழியட்டுமா சார்?" என்று கேட்டேன். "நீ ரோஜா வளக்கறியா?" என்றார். இல்லை. "அப்போ நக்கோ."

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருஷாவருஷம் நிரப்பும் குடும்ப விவரப் படிவத்தில், பிள்ளைகள் பெயர் கேட்கும் இடத்தில் எல்லோரும் இல்லை என்று எழுதுவார்கள், அல்லது கோடு போடுவார்கள். அவர் அடிக்கோல் வைத்து ஒரு கட்டம் வரைவார். உள்ளே ஒன்றும் எழுதமாட்டார்.

"கல்யாணமே ஆகலியே சார், கட்டம் எதுக்கு?"

"கட்டம் இருக்கு. உள்ள யாரும் வரல. அவ்ளோதான்."

அன்றைக்கு மட்டும் நான் சிரிக்கவில்லை. அல்லது சிரித்தேனோ. நினைவு நமக்குச் சாதகமாகத்தான் சாட்சி சொல்கிறது. அதை நான் நம்புவதில்லை.

அவருக்கு உறவென்று இருந்தது ஒரே ஒருத்தி. அக்கா பிலோமினா. சிறு வயதில் போலியோ வந்து இரண்டு காலும் போய்விட்டன. செகந்திராபாதில் மாதா கோயில் பக்கத்துச் சந்தில், தெருவோடு தெருவாக இருந்த ஒரு வீட்டில் அக்காவும் தம்பியும் குடியிருந்தார்கள். பிலோ அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் காஜா எடுப்பார். ஊசி போன வேகத்தில் வாயும் போகும். அந்தச் சந்தில் அவரைத் தாண்டிப் போன மனிதன் தன் வீட்டுச் சமையல் என்ன என்று சொல்லாமல் போக முடியாது.

இப்போது இயந்திரத்துக்கு வருகிறேன். வராமல் எத்தனை பத்தி தள்ளிப்போட முடியுமோ அத்தனையும் போட்டாயிற்று.

தொழிற்சாலைக் குடியிருப்பில் வீடு ஒதுக்குவது என்றால் சிபாரிசுக் கடிதங்களின் அடைமழை. சலித்துப்போன பொது மேலாளர், இனிமேல் வீட்டைக் கணினியே ஒதுக்கட்டும் என்றார். யார் பக்கமும் சாயாத நீதிபதி. விதிகளை ஒவ்வொரு வாக்கியமாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆளுடைய விவரங்களை அவற்றோடு பொருத்திப் பார்த்து இயந்திரமே தீர்ப்புச் சொல்லும். நாற்பது சொச்சம் விதிகள். அவற்றை இயந்திரத்துக்குச் சொல்லித் தரும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது தகுதிகாண் பருவம். வேலை நிரந்தரம் ஆக இன்னும் எட்டு மாதம்.

பதினேழாம் விதி இதுதான்: பணியாளரை நம்பி வாழ்கிறவர்களில் ஒருவருக்காவது மாடிப்படி ஏற முடியாத நோய் இருந்தால் அவருக்குக் கீழ்த்தள வீடு. ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எண், நோயில்லாதவருக்குப் பூஜ்யம். படி ஏற விடாத நோய்களின் பட்டியலில் மூன்று எண்கள்: பார்வைக்கு இரண்டு, காலுக்கு நான்கு, இதயத்துக்கு ஏழு.

பணியாளர்களின் விவரத் தாள்களை நிரப்பியவர் டப்பா சார். குடும்பத்தில் நாலு பேர் இருந்தால் நாலு எண்களை எழுதி, சுற்றி ஒரு அடைப்புக்குறி போட்டிருந்தார். சரி. ஒரே ஒருவர் இருந்தாலும் அந்த ஓர் எண்ணுக்கும் அடைப்புக்குறி போட்டிருந்தார். அவர் அப்படித்தான் போடுவார். ஊருக்கே தெரியும்.

விவரங்களை இயந்திரத்தில் ஏற்றும் பெண்கள் முறையிட்டார்கள். "ஒத்த நம்பருக்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, கை வலிக்குது மேடம்." நான் தாராளமாக ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தேன். தனி எண் இருந்த தாள்களிலெல்லாம் அடைப்புக்குறிகளை அடித்துக்கொண்டே போனேன். தகர நகரத்தின் மேல் படையெடுத்த சந்தோஷம்.

மறுநாள் அவர் எங்கள் பிரிவு வாசலில், செருப்பைக் கழற்றிவிட்டு, நின்றார்.

"எஸ்தரம்மா, பிராக்கெட்டெல்லாம் அடிச்சுட்டியாமே?"

"ஒரு நம்பர்தானே சார்? ஒண்ணுக்கு எதுக்கு டப்பா?"

பிரிவே சிரித்தது. சிரிப்பு ஒரு போதை. நான் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். "இது உங்க குண்டூசி இல்ல சார். கம்ப்யூட்டர். ஒண்ணுன்னா ஒண்ணுன்னு அதுக்குப் புரியும்."

அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறவர் மாதிரி கேட்டார். "ஒண்ணுன்னு புரியும்மா. கூட்டத்துல ஒண்ணுன்னு புரியுமா?"

எங்கள் பிரிவுத் தலைவர் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "டப்பா, உங்க சீட்டுக்குப் போங்க. இங்க வேலை நடக்குது."

போய்விட்டார். கழற்றிய செருப்பைக்கூடக் கையில் எடுத்துக்கொண்டு.

பட்டியல் வெளியான நாள் ஒரு திருவிழா. கணினிக்குச் செவ்வந்தி மாலை. வாசலில் தேங்காய். பொது மேலாளர் ஒரு விசையை அழுத்தினார். அச்சு எந்திரம் மழைக்காலத் தகரக்கூரை மாதிரி இரைந்தது. நீளநீளமாகக் காகிதம் வழிந்தது. பத்து மணிக்கெல்லாம் அதைக் கேண்டீன் பலகையில் ஒட்டிவிட்டார்கள்.

கூட்டம் முண்டியடித்தது. டப்பா சார் மட்டும், வரிசை என்று ஒன்று இல்லாத இடத்தில் வரிசையாக நின்று, முறை வந்ததும் போய்ப் பார்த்தார். விரலை வைத்து அவர் பெயரிலிருந்து எதிர்ப்பக்கம் வரை கோடு பிடித்தார். இன்னொரு முறை பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை பிடித்தார்.

இரண்டாம் மாடி.

நான் அறைக்கு ஓடினேன். கால்மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது. நாலு பேர் உள்ள குடும்பம் வந்தால் இயந்திரம் கட்டைப் பிரித்து, ஒவ்வோர் எண்ணாக எடுத்து, இது அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கிறது. அப்படித்தான் நான் சொல்லித் தந்திருந்தேன். கட்டு இல்லாமல் ஓர் எண் மட்டும் தனியாக வந்து நின்றால்? பிரிப்பதற்கு ஒன்றுமில்லை. பிலோ அக்காவின் காலுக்கான 'நான்கு' என்ற அந்த ஓர் எண்ணையும் 'இரண்டு, நான்கு, ஏழு' என்கிற முழுப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. கையில் ஒரு சாவியை வைத்துக்கொண்டு, இதுவும் அந்தச் சாவிக்கொத்தும் ஒன்றா என்று கேட்கிற மாதிரி. இல்லை என்றது இயந்திரம். அதன் மேல் தப்பே இல்லை. கேள்வி என்னுடையது.

அடைப்புக்குறி இருந்திருந்தால் ஒற்றை எண்ணும் ஒரு கட்டு. பிரித்திருக்கும். கண்டுபிடித்திருக்கும்.

ஒரே ஒருவரை மட்டும் காப்பாற்றுகிற பணியாளர்கள் பலர் இருந்தார்கள். ஆனால் அந்த ஒருவருக்கும் படி ஏற முடியாத நோய் இருந்த பணியாளர், அத்தனை பெரிய தொழிற்சாலையில், ஒரே ஒருவர்தான்.

பிரிவுத் தலைவரிடம் போனேன். போனேன் என்பதை மட்டும் நிறுத்தி அழுத்திச் சொல்ல ஆசை. என்ன பேசினேன் என்பதுதான் விஷயம்.

"சார், லிஸ்ட்ல ஒருவேளை ஏதாவது தப்பு இருந்தா..."

"எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்கு சார்."

"ஒருத்தருக்காக ஜி.எம். கையெழுத்துப் போட்ட லிஸ்ட்ட மாத்தச் சொல்றியா? பத்து பேருன்னாலும் பேசலாம். மிஷின் தப்புப் பண்ணாதும்மா. டேட்டாதான் தப்பா இருக்கும். டேட்டா எழுதுனது யாரு?"

"டப்பா சார்."

இரண்டே சொல். பொய்யில்லை. எழுதியது அவர்தான். உண்மையில் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை வாய்க்குள் வைத்து மூடிக்கொண்டேன். எனக்கும் ஒரு டப்பா இருந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மதியம் கேண்டீனில் பக்கவாட்டுக் கதவுக்குப் போகக் கால் வரவில்லை. ஏனென்று யோசிக்காமலே எல்லோரோடும் வரிசையில் போய் நின்றேன். எனக்குப் பின்னால் இரண்டு ஆள் தள்ளி டப்பா சார் நின்றிருந்தார். நான் திரும்பவில்லை.

அடுத்த வாரம் அவருக்கு ஒரு மெமோ. விவரங்களைக் கவனக்குறைவாக நிரப்பியதற்காக. முப்பது வருஷ வேலையில் முதல் மெமோ. பதில் எழுதினார்: 'தாள்களில் நான் எழுதியது எழுதியபடியே இருக்கிறது. எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.' தாள்கள், சிவப்புக் கீறல்களோடு, என் அலமாரியில் இருந்தன. சாவி என் கைப்பையில் இருந்தது. எடுத்துப் பார்க்க யாரும் வரவில்லை. நானும் எடுத்துப் போய்க் காட்டவில்லை. தொழிற்சங்கத்தில் சொல்லிப் பார்த்தார். "ஒரு ஆளு பிரச்சினைக்கு எப்படிண்ணே கொடி பிடிக்கறது?" என்று கேட்டார்களாம். "ஒரு ஆளு நின்னாலும்..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் திரும்பிவிட்டார் என்று யாதகிரி சொன்னார்.

வீட்டில் அம்மா கேட்டாள், "என்னட்டி, சோத்தப் பெசஞ்சுகிட்டே இருக்க? ஆபீஸ்ல ஏதும் வம்பா?" ஒன்றுமில்லை என்றேன். அதுவும் இரண்டாவது பாதி இல்லாத பதில்தான்.

செகந்திராபாத் வீட்டைச் சொந்தக்காரர் இடிக்கப் போகிறார். வேறு வழியில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குடிபெயர்ந்தார்கள். பூசைக்குப் போய்விட்டு நேராக. கேண்டீன் நாற்காலியில் பிலோ அக்காவை உட்கார வைத்து, ஒரு பக்கம் யாதகிரியும் இன்னொரு பக்கம் தம்பியும் தூக்க, நாற்பத்திரண்டு படி. உதவிக்குப் போன கூட்டத்தில் நானும் இருந்தேன். என் கையில் குண்டூசி டப்பா. மாடி வளைவில் நாற்காலி சாய்ந்தபோது பிலோ அக்கா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு உரக்கச் சொன்னார்:

"பாத்தியா எஸ்தரு, எல்லாத்தையும் போட்டுட்டு, கடசியில என்னையும் டப்பால போட்டு மேலடுக்குல வச்சுட்டான் எந்தம்பி!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்பு மட்டும் படிகளில் உருண்டு கீழே போனது மாதிரி இருந்தது.

மேலே சன்னலுக்கு வெளியே தண்ணீர்த் தொட்டியும் வானமும். யார் வீட்டில் என்ன சமையல் என்று சொல்ல வானத்தில் ஆளில்லை. டப்பா சார் ஒரு வழி செய்தார். பெரிய பிஸ்கட் டப்பா ஒன்றில் நான்கு துளை போட்டு, கயிறு கட்டி, ஜன்னலிலிருந்து இறக்குவதற்கு ஏற்பாடு. காஜா எடுத்த சட்டை இறங்கும். பால் ஏறும். பத்திரிகை ஏறும். "டப்பா இறங்குதுரோய்!" என்று கீழே ஆட்கள் கூவுவார்கள். சில சமயம் துண்டுச் சீட்டு இறங்கும்: 'இன்னைக்கு என்ன கொழம்பு?' பதில் எழுதிப் போட்டால் மேலே இழுக்கப்படும். இரண்டாம் மாடியிலிருந்து ஒரு தெருவையே தூண்டில் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார் அந்த அம்மாள்.

ஒருநாள் நான் அந்தக் கட்டடத்தடியில் வேகமாகக் கடந்துபோனேன். வேகமாகத்தான் கடப்பேன். மேலிருந்து டப்பா என் முகத்துக்கு நேரே வந்து நின்று ஆடியது. உள்ளே ஒரு கொய்யா. ஒரு சீட்டு: 'மேல வந்துட்டுப் போயேன். பேச ஆளில்லை.'

அண்ணாந்து பார்த்து, "பஸ்ஸுக்கு நேரமாச்சுக்கா!" என்று கத்தினேன். பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் இருந்தது.

எட்டு மாதம் முடிந்தது. வேலை நிரந்தரமான உத்தரவு கைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான், அடுத்த வருஷப் பட்டியலுக்கு இயந்திரத்தைத் தயார் செய்யும்போதுதான், நான் ஒரு வரி சேர்த்தேன். தனியாக ஓர் எண் வந்தால் முதலில் அதைப் பட்டியலாக்கு, பிறகு பொருத்து. ஒரே ஒரு வரி. எழுதக் கால்மணி நேரம் ஆகவில்லை. அதற்கு நான் எடுத்துக்கொண்டது பதினோரு மாதம்.

கீழ்த்தளப் பட்டியலில் முதல் பெயர் அவருடையது. "மிஷின் இப்போ நல்லா செட் ஆயிடுச்சு" என்றார் பிரிவுத் தலைவர்.

இறங்கும் நாளன்று அவருடைய விவரத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். நான்கு என்ற எண். அதன் இரு பக்கமும் அடைப்புக்குறி. இரண்டின் மேலும் சிவப்புக் கீறல். புது வீட்டு வாசலில், தகர டப்பாக் குவியல் நடுவில் நின்று, நீட்டினேன்.

"சார், இது என் தப்பு. போன வருஷம் லிஸ்ட் வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"எனக்கும் அன்னைக்கே தெரியும்மா."

"எப்படி சார்?"

"நீ கேண்டீன்ல கியூல நின்ன. அதுக்கு முன்னாடி ஒரு நாளாச்சும் நின்னிருக்கியா?"

"மன்னிச்சுடுங்க சார்" என்றேன்.

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அது எங்கிட்ட இல்லம்மா. நான் தெனமும் எறங்கி ஆபீஸ் வந்தேன். மேல இருந்தது அவ. உள்ள போய் அவ கிட்ட சொல்லு."

அந்த ஆறடி வாசலைத் தாண்டியதுதான் என் வாழ்க்கையில் நான் ஏறிய பெரிய மாடி. பிலோ அக்கா ஜன்னலோரம், தெருவைப் பார்த்து, நாற்காலியைச் சரியாக எங்கே போடலாம் என்று கோணம் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். பென்சிலிலிருந்து பஸ் வரை எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே ஒருவன் கீரைக் கூடையோடு போனான். அவனைக்கூட விசாரிக்காமல் போக விட்டார்.

கடைசியில் கேட்டார், "அந்தக் கொய்யாவயாச்சும் தின்னியா?"

பையிலேயே கிடந்து அழுகி, மூன்றாம் நாள் எறிந்திருந்தேன். "இல்லக்கா."

"அது தப்பு" என்றார். "அது ரொம்பத் தப்பு."

நான் அழுதேன். கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்: "டே, இந்தப் பொண்ணு ஒத்தையா நின்னு அழுவுது. இதுக்கு ஒரு டப்பா எடுத்துட்டு வா!"

டப்பா சார் நிஜமாகவே ஒன்றைக் கொண்டு வந்தார். மூடியில் மயில் ஆடுகிற டப்பா. அந்தத் தாளை நாலாக மடித்து உள்ளே வைத்தார். மூடினார். கோந்து தேடினார். துண்டுக் காகிதத்தில் என்ன எழுதப் போகிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். தவறு என்று எழுதலாம். என் பெயரை எழுதலாம். 'தாள்' என்று எழுதி ஒட்டி, குண்டூசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவ்வளவுதான்.

இதோடு முடித்தால் எனக்கு நல்லது. முடியவில்லை. அந்த மெமோ அவருடைய கோப்பிலேயே இருந்தது. ஒரே ஒரு மெமோ. அதை எடுக்கச் சொல்லிப் பிரிவுத் தலைவரிடம் நான் போயிருக்க வேண்டும். நாளைக்கு என்றேன். அடுத்த வாரம் என்றேன். என் தீர்மானமும் வழிமொழிய ஆளில்லாமல் ஒத்திப்போனது. அவர் ஓய்வு பெற்ற நாளில், மாலை போட்டுப் பேசிய பிரிவுத் தலைவர், "ஒரே ஒரு மெமோவைத் தவிர மாசு மறுவற்ற சேவை" என்றார். டப்பா சார் சபையைப் பார்த்துக் கும்பிட்டார். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் கைதட்டினேன். அந்தக் கைதட்டல் சத்தம் இன்னும் என் காதில் தனியாகக் கேட்கிறது. அதைப் போட்டு மூட டப்பா கிடைக்கவில்லை.

அக்கா முதலில் போனார், தம்பி பிறகு. அந்த மயில் டப்பா என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

எனக்கும் ஓய்வுக்கு இன்னும் சில வருஷங்கள்தான். கிளாக் டவர் பக்கம் அந்த வேப்பமரம் இப்போதும் இருக்கிறது, நல்ல நிழலோடு. நான் அதன் கீழ் நிற்பதில்லை. கம்பத்தடியில் வெயிலில் நிற்கிறேன். போன வாரம் ஒரு பெண் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "லைன் எங்க ஆன்ட்டி?" என்றாள். "நாந்தாம்மா" என்றேன். சிரித்தாள். பின்னால் வந்து நின்றாள். நின்றவள், "இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்களேன், அதான் எடம் இருக்கே" என்றாள்.

போகவில்லை. எனக்கு முன்னால், ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு, எப்போதும் இடம் விட்டுத்தான் நிற்கிறேன்.